சுருதித் திருத்தியும் மலைக் குரல்களும்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் போன்ற நீலகிரி ஊர்களில் வீட்டு மாடியிலோ கடையின் பின்புற அறையிலோ சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்துத் தொழில் செய்பவர்கள் இன்று இருக்கிறார்கள். படுகப் பாடல், கிறிஸ்தவ கீதம், மாரியம்மன் திருவிழாவுக்கான பக்திப் பாடல், திருமண வாழ்த்து என்று எது பதிவானாலும், பாடியவரின் குரல் கேட்பவரின் கைப்பேசியை அடையும் முன் பெரும்பாலும் சுருதியைச் சரிசெய்யும் மென்பொருள் ஒன்றைக் கடந்தே செல்கிறது. இசைக்கலைஞர்கள் இதைப் பற்றி ஒத்த கருத்துக் கொண்டவர்கள் அல்லர். குரலை வருத்திப் பழகியவர்களில் பலர் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள். பதிவுத் தொழிலில் இருப்பவர்களில் பலர் எதிரொலி சேர்ப்பதைப் போன்ற ஒரு சாதாரண வேலை என்கிறார்கள். இந்த வாக்குவாதத்தின் நடுவே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படாமலேயே நின்றுவிடுகிறது. குரலை எந்த அளவுகோலுக்குச் சரிசெய்கிறோம், அந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்தவர் யார்? சினிமாப் பாட்டைவிட மலையின் பாடல்களுக்கே இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இந்தக் கருவியின் பிறப்பு இசை உலகுக்கு வெளியே நிகழ்ந்தது. அமெரிக்கரான ஆண்டி ஹில்டிபிராண்ட் எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்காக நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்த பொறியாளர். நிலத்துக்குள் ஒலி அலைகளைச் செலுத்தி, அடியிலுள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கணித முறையில் பிரித்தறிவது அவர் தொழில். இளமையில் புல்லாங்குழல் வாசித்தவரும் பின்னாளில் இசையமைப்பு பயின்றவருமான அவர், ஓர் அலை தன்னைத்தானே எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்கிறது என்று கண்டறியும் அதே கணக்கை மனிதக் குரலுக்குப் பயன்படுத்தினார். அவருடைய ஆன்டாரஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஆட்டோடியூன், பாடகரின் குரல் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று கணப்பொழுதில் கண்டுபிடித்து, அருகிலுள்ள 'சரியான' ஸ்வரத்துக்கு அதை நகர்த்தியது. 2001இல் ஜெர்மனியின் செலமோனி நிறுவனம் மெலடைன் என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இதில் பதிவான குரல் திரையில் ஸ்வரம் ஸ்வரமாகத் திட்டுகளாய் விரிந்து நிற்கும். ஒவ்வொன்றையும் கையால் பிடித்து ஏற்றலாம், இறக்கலாம், நீட்டலாம். இன்று தமிழ்நாட்டுப் பதிவுக் கூடங்களில் 'மெலடைன் பண்ணிடலாம்' என்ற பேச்சு, பாடகர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் காதில் விழுந்துவிடுகிறது.

கருவி எதைச் செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் கலைஞர்களின் கருத்து வேறுபாடு விளங்கும். மேற்கத்திய விசைப்பலகையில் ஒரு ஸ்தாயி, அதாவது 'ஸ'விலிருந்து மேல் 'ஸ' வரையிலான எல்லை, பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. அளவிடும் வசதிக்காக ஒவ்வொரு பங்கையும் 100 சென்ட் என்றும், முழு ஸ்தாயியை 1200 சென்ட் என்றும் கொள்வர். இந்தப் பன்னிரண்டு படிகளும் பொதுவாக 440 ஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 440 அதிர்வுகளை, அடிப்படையாக வைத்தே நிலைநிறுத்தப்படுகின்றன. ஒரு பெண் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறார் என்றால் அவருடைய ஆதார ஷட்ஜம் ('ஸ') 196 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும் என்பது விசைப்பலகையின் கணக்கு. தம்புராவோ சுருதிப் பெட்டியோ இல்லாமல் தன் தொண்டைக்கு இசைவான இடத்தில் ஒருவர் பாட்டை எடுத்து, அது 200 ஹெர்ட்ஸாக அமைந்தால், அவர் விசைப்பலகையைவிட ஏறத்தாழ 35 சென்ட் மேலே இருக்கிறார். அவரளவில் அவர் பாட்டில் அபஸ்வரமே இல்லாமல் இருக்கலாம். ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு துல்லியமாக இருக்கலாம். அடிப்படை அதிர்வெண்ணை மாற்றி வைக்காமல் மென்பொருளை ஓடவிட்டால், அது அவருடைய ஸ்வரங்களையெல்லாம் கீழே இழுத்துவிடும். குரல் 202 ஹெர்ட்ஸைத் தொட்டால் ஐந்தரைக் கட்டையை நோக்கி மேலே தள்ளத் தொடங்கும். இந்த அடிப்படையை மாற்றும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. அவசரத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை என்பதே சிக்கல்.

மென்பொருளின் இரண்டாவது முக்கியமான திருகு, திருத்தம் எவ்வளவு விரைவாக நிகழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. அதை மெதுவாக வைத்தால் நீண்டு நிற்கும் ஸ்வரங்கள் மட்டும் மெல்லச் சீராகும். அசைவுகளும் வழுக்கல்களும் ஓரளவு தப்பிவிடும். அதைச் சுழியத்தில் வைத்தால் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளியே இன்றித் தாவும். மனிதத் தொண்டையால் இயலாத அந்தத் தாவலே உலோகத் தன்மையுள்ள ஒலியைத் தருகிறது. 1998இல் ஷெர் என்ற அமெரிக்கப் பாடகியின் பாடல் ஒன்றில் இந்த ஒலியே வேண்டுமென்று முன்னிறுத்தப்பட்டு, உலகெங்கும் ஒலித்தது. அதைப் பதிவு செய்த தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் வேறொரு கருவியைப் பயன்படுத்தியதாகப் பேட்டியளித்து உண்மையை மறைத்தனர். தொழில் இரகசியம் என்பது ஒரு காரணம். பிழை திருத்தும் கருவி என்ற பெயருடைய ஒன்றைப் பயன்படுத்தியதை அந்நாளில் யாரும் உரக்கச் சொல்லத் தயாராக இல்லை என்பதும் அதோடு சேர்ந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பு அதற்குப் பின் பல வடிவங்களில் வந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகி ஆலிசன் மூரர் 2002இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் உறையில், இதில் குரல் சுருதித் திருத்தம் எதுவும் செய்யப்படவில்லை என்று ஓர் அறிவிப்பை ஒட்டினார். 2009 கிராமி விருது விழாவுக்கு ஒரு ராக் இசைக்குழுவினர் எதிர்ப்பைக் காட்ட நீல நாடா அணிந்து வந்தனர். அதே ஆண்டில் ராப் பாடகர் ஜே-இசட் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இரங்கற்பா பாடுவதுபோல் ஒரு பாடலையே வெளியிட்டார். இவர்கள் எதிர்த்த பொருள் ஒன்றே அன்று. மூரர் எதிர்த்தது ஒளித்துச் செய்யும் திருத்தத்தை; ஜே-இசட் எதிர்த்தது எல்லோரும் ஒரே ஒலிக்குப் பின்னால் ஓடுவதை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் ஊர் விவாதங்களும் திசை தெரியாமல் போகின்றன. கேட்பவருக்குத் தெரியும்படி குரலை உலோகமாக்குவதில் மறைப்பு எதுவும் இல்லை. கேட்பவருக்குத் தெரியாமல் குரலை 'இயல்பாகவே இப்படித்தான்' என்று நம்ப வைப்பது வேறு வகையான செயல். முன்னது அழகியல் தேர்வு. பின்னது நம்பிக்கை தொடர்பானது.

டி-பெய்ன் என்ற பாடகரின் வரலாறு இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது. 2005 முதல் இந்த உலோகக் குரலையே தம் அடையாளமாக்கிப் பெரும்புகழ் பெற்றவர் அவர். பாடத் தெரியாததால்தான் கருவிக்குப் பின்னால் ஒளிகிறார் என்ற ஏளனமும் அவருடன் வளர்ந்தது. நீ உண்மையான பாடகர்களின் இசையைக் கெடுத்துவிட்டாய் என்று சக கலைஞரான அஷர் ஒருமுறை விமானப் பயணத்தில் தம்மிடம் கூறியதையும், அதன்பின் தாம் ஆண்டுக்கணக்கில் மனச்சோர்வில் விழுந்ததையும் டி-பெய்ன் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். 2014இல் ஒரு பொது வானொலியின் சிறு மேடையில் இந்தத் திருத்தும் கருவி இல்லாமல் அவர் பாடியபோது, சுருதி சுத்தமும் குழைவும் கொண்ட அந்தக் குரலைக் கேட்டு ஏளனம் செய்தவர்கள் வியந்தனர். நன்றாகப் பாடத் தெரிந்தவர் ஒரு நிறத்துக்காகவே கருவியைத் தேர்ந்தெடுத்தார் என்பது அன்று வெளியானது. கருவியைப் பயன்படுத்துகிறார் என்பதை மட்டும் வைத்து ஒருவரின் ஞானத்தை அளக்க முடியாது.

எதிர்ப்பாளர்கள் வழக்கமாகக் கூறும் மற்றொரு வாதம், நெளிவும் குழைவும் மிகுந்த கீழைத்தேயப் பாடல்முறைகளுக்கு இந்தக் கருவி பகை என்பது. வட ஆப்பிரிக்காவின் அனுபவம் இதை முழுமையாக ஏற்க விடவில்லை. அல்ஜீரியாவின் ராய் இசையிலும், மொராக்கோ மலைப்பகுதி பெர்பர் மக்களின் பாடல்களிலும் ஆட்டோடியூன் 2000க்குப் பின் வெறித்தனமாக வரவேற்கப்பட்டது. அங்கே பாடகர்கள் குரலை ஸ்வரங்களுக்கு இடையே வழுக்கிச் செலுத்தும்போது கருவி அந்த வழுக்கலைப் படிப்படியாக உடைத்து நடுங்கும் மினுமினுப்பு ஒன்றைத் தருகிறது; அதை அவர்கள் குறையாகக் காணாமல் அலங்காரமாக ஏற்றுக்கொண்டார்கள். தம் குரல்முறையின் நுட்பம் அறிந்து, கருவி எங்கே என்ன செய்யும் என்று தெரிந்து, அதனோடு விளையாடியவர்கள் அவர்கள். தேர்வு அவர்களுடையதாக இருந்தது என்பதையே நான் இதில் முதன்மையாகப் பார்க்கிறேன்.

நம் இசையில் சிக்கல் எங்கே எழுகிறது என்றால், ஸ்வரம் என்பது நிற்கும் புள்ளி என்ற எண்ணமே இங்கு முழுமையாகச் செல்லாது என்பதில்தான். தோடி ராகத்தின் காந்தாரத்தை ('க') எடுத்துக்கொள்வோம். சாதாரண காந்தாரம் என்று இலக்கணம் கூறினாலும், பாடும்போது குரல் அந்த இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் ('ரி') மத்யமத்துக்கும் ('ம') இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவே காந்தாரம். திரையில் இதை வரைந்து பார்த்தால் மேடும் பள்ளமுமான அலை தெரியும். விரைவுத் திருகைச் சுழியத்தில் வைத்த கருவி அதை இரண்டு மூன்று தனித்தனிப் படிகளாக நறுக்கிவிடும். மெதுவாக வைத்த கருவி அலையின் உச்சியைக் கொஞ்சமும் அடியைக் கொஞ்சமும் மழுக்கிவிடும். சங்கராபரணத்தின் அந்தர காந்தாரம் ஒப்பீட்டளவில் நிலையாக நிற்கும் ஸ்வரம்தான். அங்கும் தம்புராவின் நாதத்தோடு ஒன்றிப் பாடுபவர் இயல்பாக 386 சென்ட் அளவில் நிற்பார். விசைப்பலகையின் காந்தாரமோ 400 சென்ட். இந்தப் 14 சென்ட் வேறுபாட்டைப் பழகிய காது எளிதில் உணரும். கருவி 386ஐப் பிழை என்று கணித்து 400க்கு ஏற்றுமானால், அது சுத்தமாக இருந்ததையே அசுத்தமாக்குகிறது.

ஆட்டோடியூனின் பழைய பதிப்புகளிலேயே பன்னிரண்டு சம பங்குகளுக்கு அப்பாற்பட்ட பல அளவுமுறைகள் தரப்பட்டிருந்தன. இருபத்திரண்டு சுருதிகள் கொண்ட ஒன்று இந்திய முறை என்ற பெயரிலும் இருந்தது. ஆக, கருவியைச் செய்தவர்கள் உலகின் பிற இசைமுறைகளை அறவே மறந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. எனினும் இருபத்திரண்டு நிலைப்புள்ளிகளைத் தருவதும் பன்னிரண்டைத் தருவதும் அடிப்படையில் ஒரே வகை அணுகுமுறைதான். ஸ்வரத்தை இப்படி அசைத்துப் பாடும் கமகம் புள்ளிகளில் தங்குவதே இல்லை. கர்நாடக இசைப் பதிவுகளில் அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர்கள் தானியங்கி முறையைத் தவிர்த்து, தவறிய இடத்தை மட்டும் அதன் அசைவு குலையாமல் முழுச் சொற்றொடராகப் பிடித்து நகர்த்துவது இதனால்தான். மெலடைனில் ஸ்வரத்தின் மையத்தையும், அதைச் சுற்றிய அசைவையும், மெல்ல விலகும் போக்கையும் தனித்தனியே கையாள இடமிருக்கிறது. இது நேரம் பிடிக்கும் வேலை. ராகம் தெரிந்தவர் அருகில் இருந்து சொல்ல வேண்டிய வேலை.

நிலையான சுருதி கொண்ட ஒரு கருவி நம் நாட்டில் சண்டையைக் கிளப்பியது இது முதல்முறையும் அன்று. கமகத்துக்கு இடம் தராத பன்னிரண்டு கட்டைகள் கொண்டது என்ற காரணத்தால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. ரவீந்திரநாத் தாகூரும் அந்த வாத்தியத்துக்கு எதிரானவராக இருந்தார். 1970களின் தொடக்கத்தில்தான் அந்தத் தடை தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழ் நாடக மேடையும் பஜனை மடங்களும் தேவாலயங்களும் ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சஸ்தாயிப் பிருகாக்களுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் ஈடுகொடுத்ததைக் கேட்டுச் சிலிர்த்த தலைமுறை ஒன்று இருந்தது. அங்கே ஆர்மோனியம் பாடகரைப் பின்தொடர்ந்தது. அவர் குரலைத் தன் கட்டைகளுக்குள் அது பிடித்து அடைக்கவில்லை. இன்றைய கருவியோடு ஒப்பிடும்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த வேறுபாடுதான். வாத்தியம் அருகில் ஒலித்து அடங்கிவிடும், குரல் குரலாகவே இருக்கும். மென்பொருளோ குரலுக்குள் புகுந்து அதையே மாற்றி எழுதுகிறது.

மலைக்கு வருவோம். நீலகிரியின் இசைக்கு 440 ஹெர்ட்ஸ் ஒருபோதும் அளவுகோலாக இருந்ததில்லை. ஏழு ஊர்களில் வாழும் கோத்தர்கள் கொள் என்னும் சீவாளிக் குழலையும், வளைந்த கொம்பையும், தோற்பறைகளையும் இசைப்பவர்கள். முற்காலத்தில் படுகர், தோடர் சடங்குகளுக்கும் அவர்களே வாசித்தார்கள். கையால் துளையிட்ட குழலின் இடைவெளிகள் எந்த விசைப்பலகையோடும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லை. அந்தக் குழல் எங்கே நிற்கிறதோ அதுவே அன்றைய சுருதி.

அதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் குறையும். 20 பாகை செல்சியஸில் சுமார் 343 மீட்டராக இருப்பது 5 பாகையில் சுமார் 334 மீட்டராகிவிடும். குழல் வாத்தியத்தின் சுருதி இந்த வேகத்தைப் பொறுத்தது என்பதால், கணக்குப்படி அது 45 சென்ட்டுக்கு மேல், அதாவது விசைப்பலகையின் ஒரு படியில் ஏறக்குறையப் பாதி இறங்க வேண்டும். வாசிப்பவரின் மூச்சு குழலின் உட்புறத்தைச் சூடாக்குவதால் நடைமுறையில் இறக்கம் இதைவிடக் குறைவாக இருக்கும். மார்கழியில் உதகையின் விடியற்காலைப் பூசைக்கு வாசிக்கும் நாகஸ்வரக்காரர் முதலில் நெடுநேரம் ஊதிக் குழலைப் பதமாக்குவதற்கு இதுதான் காரணம். மின்னணுச் சுருதிப் பெட்டி குளிரை அறியாது. வாசிப்பவர்தான் அதை நோக்கி ஏறிச் செல்ல வேண்டும். பறைகளின் நிலையோ இன்னும் மோசம். மூடுபனியின் ஈரத்தில் தோல் தளர்ந்து தொனி இறங்கிவிடும்; தீ மூட்டிக் காய்ச்சினால் ஏறும், சற்று நேரத்தில் மறுபடி இறங்கும். இத்தனை அசைவுகளுக்கு நடுவே ஒருவரையொருவர் காதால் பின்தொடர்ந்து சேர்ந்திசைப்பதே மலை இசைக்காரர்களின் திறமை. அந்தப் பதிவைக் கொண்டுபோய்ச் சமவெளியின் விசைப்பலகைக் கணக்கில் வைத்து 'எல்லாம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது' என்று தீர்ப்பளித்தால், பிழை அளவுகோலில் இருக்கிறது.

கோத்தகிரிக்கு அருகே ஒரு வீட்டு மாடி ஒலிப்பதிவு அறையில் நான் கண்ட ஒன்று இந்தக் கருத்தை எனக்கு உறுதிப்படுத்தியது. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி, பேத்தியின் வற்புறுத்தலால் தாலாட்டு ஒன்றைப் பதிவு செய்ய வந்திருந்தார். பாடி முடித்ததும் பதிவு செய்த இளைஞர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் 'ஆராரோ' என்ற இழுப்பு இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட வெளியில் சாய்ந்து இறங்கி நின்றது. "அம்மாச்சி, இந்த எடத்துலெல்லாம் கொஞ்சம் எறங்கிடுது, சரி பண்ணிடட்டுமா?" என்று பணிவாகவே கேட்டார் அவர். "அது எறங்கல சாமி, அங்க அப்படித்தான் இழுக்கணும். எங்கம்மா இழுத்தது அது" என்றார் மூதாட்டி. சற்று யோசித்துவிட்டு, மூன்றாம் அடியை மறுபடி ஓட்டச் சொன்னார். அதில் ஓர் இடத்தைச் சுட்டி, "இங்க மூச்சு முட்டிப் போச்சு, இத வேணும்னா நீ சரி பண்ணு" என்றார். அந்த இடம் திரையில் மிகச் சரியாகக் கோட்டின்மீதே உட்கார்ந்திருந்தது. கருவியைப் பொறுத்தவரை அங்கே பிழையே இல்லை. இளைஞர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அந்த அடியை மட்டும் மறுபடி பாடவைத்துச் சேர்த்தார்.

எது பாட்டின் இயல்பு, எது அன்றைய உடலின் தளர்ச்சி என்பதைப் பாடியவர் அறிந்திருந்தார். கருவி இரண்டையும் தலைகீழாக அறிந்திருந்தது. இதை வைத்துக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்த இளைஞர் கேட்டார் என்பதும், மூதாட்டி சொன்னதற்குக் கட்டுப்பட்டார் என்பதும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பெரும்பாலான பதிவுகளில் பாடகர் வீடு திரும்பிய பிறகே இந்த வேலை நடக்கிறது. அவர் தம் குரலை அடுத்த முறை கேட்பது வெளியான பாடலில்தான்.

திருத்தத்தை விரும்பும் மலைப் பாடகர்களின் தரப்பையும் மதிப்போடு கேட்க வேண்டும். அவர்கள் கூறும் காரணங்கள் மிக நேரானவை. சிறு கூடங்களில் கட்டணம் மணிக்கணக்கில். தோட்ட வேலையையோ கடையையோ விட்டு அரை நாள் வந்து பாடுபவரால் ஒரு சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க இயலாது. உணர்ச்சி நிறைந்து வந்த ஒரு பாடலில் ஓர் எழுத்து மட்டும் வழுவிவிட்டால், அந்த உணர்ச்சியைக் காப்பாற்றுவதற்காகவே அதைத் திருத்துவதில் தவறில்லை என்பது அவர்கள் வாதம். படுகத் திருமணங்களிலும் விழாக்களிலும் ஆட்டத்துக்காக ஒலிக்கும் இன்றைய பாடல்கள் கீபோர்டையும் மின்னணுத் தாளத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. அவற்றோடு சேரும் குரல் அந்தக் கீபோர்டின் சுருதிக்கு நிற்பது முறையும்கூட. தேவாலயப் பாடகர் குழுக்கள் ஆர்கனோடு சேர்ந்து நாற்குரலில் பாடும்போதும் அளவுகோல் தெளிவாகவே இருக்கிறது. இத்தகைய இடங்களில் திருத்தம் கலைஞரின் நோக்கத்துக்கு உதவுகிறது. நான் அதை எதிர்க்க மாட்டேன். திருத்தும் மென்பொருள் வருவதற்கு முன்பும் பதிவுகள் தூய்மையாக இருந்தன என்று எண்ணிக்கொள்வதும் சரியன்று. ஒலிநாடாவின் வேகத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் சுருதியை நகர்த்தியிருக்கிறார்கள். பல முறை பாடியவற்றின் நல்ல துண்டுகளை வெட்டிச் சேர்த்து ஒரே மூச்சில் பாடியதுபோல் ஆக்கியிருக்கிறார்கள்.

என்னைக் கவலைகொள்ளச் செய்வது கற்கும் பிள்ளைகளின் நிலை. வெளியாகும் பாடல்கள் அனைத்தும் திருத்தப்பட்டவையாக இருக்கும்போது, பதின்வயதில் பாடத் தொடங்கும் ஒரு பெண் தன் குரலைக் கைப்பேசியில் பதிந்து கேட்டு, தனக்குப் பாட வரவில்லை என்று முடிவு செய்துவிடுகிறாள். அவள் ஒப்பிடுவது எந்தத் தொண்டையாலும் அப்படியே பாடப்படாத ஒன்றோடு. 2010இல் பிரித்தானியாவின் பெரிய பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் தேர்வுச் சுற்றுக் குரல்கள் ஒளிபரப்புக்கு முன் சீர்செய்யப்பட்டது தெரியவந்து பெரும் சர்ச்சை எழுந்தது. போட்டி என்றால் கேட்பவர் தீர்ப்பளிக்கிறார். தீர்ப்பளிப்பவரிடம் சான்றை மாற்றிக் கொடுப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. சுருதி காட்டும் கைப்பேசிச் செயலியை வைத்துப் பயிற்சி செய்யும் பழக்கமும் பரவியிருக்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் சரி என்று கண்ணால் பாடிப் பழகும் குழந்தை, தம்புராவின் நாதத்தில் தன் குரல் கரைந்து மறையும் இடத்தைக் காதால் தேடும் பழக்கத்தை இழக்கிறது. ஆசிரியர்கள் இதில் உறுதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருத்தும் கருவியின் ஆக்கியோன் ஹில்டிபிராண்டிடம் இது தீயதா என்று கேட்கப்பட்டபோது, தம் மனைவி முகப்பூச்சு அணிவதைத் தீயது என்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். முகப்பூச்சைப் பூசிக்கொள்பவர் தாமே பூசிக்கொள்கிறார், வேண்டாதபோது கழுவிவிடுகிறார் என்பதை அந்தப் பதில் கணக்கில் கொள்ளவில்லை. குரல் திருத்தம் பெரும்பாலும் பிறர் கையால் நிகழ்கிறது. வெளியான பின் அதைக் கழுவ வழியில்லை. 2024இல் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒரு பாடலில் ஒலிக்கச் செய்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும் ஊதியம் அனுப்பியதையும் அறிவித்தார். மறைந்தவர் குரலுக்கே ஒப்புதல் கேட்கும் முறை ஒன்று உருவாகிவரும்போது, உயிரோடு எதிரில் உட்கார்ந்து பாடியவரிடம் 'எந்த இடத்தைத் தொடலாம்' என்று கேட்பது மிகச் சிறிய எதிர்பார்ப்புதான்.

நீலகிரியில் இந்தக் கேள்விக்கு மற்றொரு கோணமும் உண்டு. இங்குள்ள பாடல்களில் பல, எழுத்து வடிவம் இல்லாமல் குரலில் மட்டுமே இருப்பவை. 1901–02இல் தோடர்களிடையே ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அவர்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிந்தார். உருளை சுழலும் வேகம் மாறினால் சுருதியும் மாறிவிடும் என்பதால், அக்காலக் களப்பதிவாளர்களில் பலர் பாட்டுக்கு முன் ஒரு சுருதிக் குழலை ஊதிப் பதிந்துவைக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். பின்னாளில் கேட்பவர் அந்த ஒலியை வைத்து வேகத்தைச் சரிசெய்து உண்மையான சுருதியை மீட்டுக்கொள்ளலாம். பதிவுக்கருவியால் குரல் திரிந்துவிடக் கூடாது என்ற அக்கறை அவ்வளவு பழையது. இன்று உதகை வானொலி நிலையத்திலும், கோத்தகிரியின் சமுதாய வானொலியிலும், தனியார் கைகளிலும் மலை மொழிகளின் பாடல்கள் சேர்ந்துவருகின்றன. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு கோத்தர் இளைஞரோ இருளர் பெண்ணோ தம் பாட்டியின் பாடலைத் தேடும்போது கிடைப்பது திருத்தப்பட்ட வடிவம் மட்டுமே என்றால், அவர் கற்றுக்கொள்வது கீபோர்டின் இடைவெளிகளை. மூல இடைவெளி என்னவாக இருந்தது என்று கண்டறிய எந்தக் கணக்கும் அப்போது உதவாது, ஏனெனில் திருத்தம் நீக்கிய அசைவை அந்த ஒலிக்கோப்பில் எங்கும் தேட முடியாது.

ஆகவே பதிவுக் கூடம் நடத்துபவர்களிடம் நான் வலியுறுத்துவது செலவில்லாத இரண்டு பழக்கங்களை. முதலாவது, திருத்துவதற்கு முந்தைய குரல் தடத்தை அழிக்காமல் தனியே சேமித்து, ஒரு பிரதியைப் பாடியவருக்கும் கொடுப்பது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒற்றைக் குரல் தடம் நிமிடத்துக்கு 9 மெகாபைட்டுக்கும் குறைவாகவே பிடிக்கும். ஐந்து நிமிடப் பாடல் 45 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மற்றது, பாடியவர் எந்த இடத்தில் ஷட்ஜம் பிடித்தார், எந்த அடிகள் திருத்தப்பட்டன, எந்த அடிகள் மறுபடி பாடிச் சேர்க்கப்பட்டன என்பதைக் கோப்பின் பெயரோடு இரண்டு வரியில் எழுதிவைப்பது. பக்திப் பாடலுக்கும் ஆட்டப் பாடலுக்கும் இது தேவைப்படாமல் போகலாம். தாலாட்டு, ஒப்பாரி, சடங்குப் பாடல், கொள் இசை ஆகியவற்றுக்கு இது கட்டாயம் வேண்டும். அவற்றைப் பொறுத்தவரை தானியங்கித் திருத்தத்தை அணைத்து வைத்துவிட்டு, பாடியவரை அருகில் அமர்த்தி, அவர் சுட்டும் இடத்தை மட்டும் மறுபடி பாடவைப்பதே முறை.